லாங்சா, ஹிக்கிம், கோமிக்: ஸ்பிட்டியில் மூன்று நாள் வட்ட நடை

ஸ்பிட்டிக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் லாங்சா, ஹிக்கிம், கோமிக் ஆகிய மூன்று ஊர்களையும் ஒரே பகலில் முடித்துவிடுகிறார்கள். காலை ஒன்பது மணிக்குக் காஜாவில் டாக்சி ஏறுவது, புத்தர் சிலைக்கு முன்னால் ஒரு படம், தபால் நிலையத்தில் ஒரு அட்டை, 'உலகின் உயரமான ஊர்' என்ற பலகைக்குக் கீழே இன்னொரு படம், இரண்டு மணிக்குக் காஜாவில் சாப்பாடு. நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். அன்று ராத்திரி தலைவலியில் தூக்கம் வராமல் புரண்டபோதுதான் உறைத்தது: மூன்று ஊரிலும் சேர்த்து, டிரைவரைத் தவிர ஒருவரிடமும் நான் வாயே திறக்கவில்லை.

இரண்டாம் தடவை நடந்தேன். மூன்று பகல், இரண்டு இரவு. அதே ஊர்கள்தான், ஆனால் வேறு இடத்துக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. இந்தக் கட்டுரை அந்த நடைக்கானது. மலையேறிப் பழக்கமில்லாதவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கூடாரம், கயிறு, சமையல் பாத்திரம் எதுவும் வேண்டாம். வழியில் ஊர் இருக்கிறது, ஊரில் வீடு இருக்கிறது, வீட்டில் சாப்பாடும் கம்பளியும் கிடைக்கும். ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரம் ஏறி இறங்கக்கூடிய உடம்பும், அவசரப்படாத மனசும் இருந்தால் போதும். இரண்டாவதுதான் கிடைப்பது கஷ்டம்.

வட்டம் எப்படிப் போகிறது

ஸ்பிட்டி, இமாச்சலப் பிரதேசத்தில் திபெத் எல்லையை ஒட்டிக் கிடக்கும் பள்ளத்தாக்கு. மழை மேகங்களைத் தெற்கே உள்ள மலைகளே மறித்துக்கொள்வதால் இங்கே காடு கிடையாது, மண்ணும் பாறையும்தான். ஆற்றங்கரையில் சுமார் 3,700 மீட்டரில் இருக்கிறது காஜா. பஸ், வங்கி, மருத்துவமனை, கடைவீதி எல்லாம் அங்கேதான். காஜாவுக்கு நேர் மேலே ஒரு செங்குத்துச் சரிவு. அதைத் தாண்டினால் அகலமான ஒரு மேட்டுநிலம் விரிகிறது. கீழே நிற்கிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மூன்று ஊர்களும் அந்த மேட்டில்தான். வடக்கே லாங்சா, சுமார் 4,400 மீட்டர். அங்கிருந்து தெற்கே நடந்தால் ஹிக்கிம், 4,440 மீட்டர். அதற்குத் தென்கிழக்கே இன்னும் ஏறினால் கோமிக், 4,587 மீட்டர். ஹிக்கிமிலிருந்து சரிவில் நேரே இறங்கினால் மறுபடியும் காஜா. கறாராகப் பார்த்தால் இது முழு வட்டம் இல்லை. ஹிக்கிமுக்கும் கோமிக்குக்கும் இடையே உள்ள துண்டைப் போகவும் வரவும் இரண்டு முறை நடக்க வேண்டும். பட்டத்துக்கு வால் மாதிரி அது.

எதிர்த்திசையில், அதாவது காஜாவிலிருந்து ஹிக்கிமுக்கு ஏறி லாங்சா வழியாக இறங்கலாமா என்று கேட்பார்கள். முடியும். ஆனால் முதல் நாளே 700 மீட்டருக்கு மேல் செங்குத்தாக ஏறுவது புதியவருக்கு வேண்டாத தண்டனை. லாங்சாவில் தொடங்கினால் மேட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, கடைசியில் ஒரே இறக்கமாக இறங்கிவிடலாம்.

காஜாவுக்குப் போவதே முதல் கட்டம்

இரண்டு சாலைகள் இருக்கின்றன. ஒன்று மணாலியிலிருந்து, 2020இல் திறந்த அடல் சுரங்கப்பாதை வழியாகப் போய், சுமார் 4,550 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைத் தாண்டி வருவது. இன்னொன்று சிம்லாவிலிருந்து ராம்பூர், ரெக்காங் பியோ, தாபோ வழியாகச் சட்லெஜ் ஆற்றையும் பிறகு ஸ்பிட்டி ஆற்றையும் ஒட்டி வருவது. மணாலிச் சாலை குறுக்குவழி. ஒரே நாளில் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதனால்தான் புதியவர்கள் அதில் வரக் கூடாது என்கிறேன். மணாலி சுமார் 2,000 மீட்டர். காலையில் அங்கே டீ குடித்தவர் ராத்திரி 3,700 மீட்டரில் படுத்தால் உடம்பு சும்மா விடாது.

சிம்லா வழி நீளம், ஆனால் படிக்கட்டு மாதிரி. முதல் இரவு ரெக்காங் பியோவிலோ, அதற்குச் சற்று மேலே கல்பாவிலோ தங்குங்கள். அது 3,000 மீட்டருக்கு உள்ளே. அடுத்த இரவு தாபோ, சுமார் 3,280 மீட்டர். அங்கே 996ஆம் ஆண்டில் நிறுவிய மண் மடாலயம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வைக்கோல் போர்களைச் சேர்த்துப் பூசியது போல இருக்கும். உள்ளே சுவரெல்லாம் ஓவியம். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, இருட்டுக்குக் கண் பழகும்வரை சும்மா நில்லுங்கள். மூன்றாம் நாள் காஜா. ரெக்காங் பியோவிலிருந்து காஜாவுக்கு அரசுப் பேருந்து ஓடுகிறது, தாபோ அதன் வழியிலேயே இருக்கிறது. ஆற்றுப்பக்கம் ஜன்னல் சீட்டு வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நான் வேண்டும் என்பேன்.

இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. அடையாள அட்டை போதும். கூட வரும் நண்பர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் சிம்லா வழியில் எல்லைப்பகுதி அனுமதி வாங்க வேண்டும்.

எந்த மாதம்

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை. ஜூனில் ஓடைகளில் பனி உருகிய தண்ணீர் வேகமாக ஓடும், மேட்டில் அங்கங்கே பனித்திட்டு மிச்சமிருக்கும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் பட்டாணியும் பார்லியும் பச்சையாக நிற்கும்; பழுப்பு மலைக்கு நடுவே அந்தப் பச்சையைப் பார்க்கவே போகலாம். ஆனால் அந்த மாதங்களில் ஸ்பிட்டிக்கு உள்ளே வானம் தெளிவாக இருந்தாலும், வரும் வழியில் கின்னௌரிலும் குல்லுவிலும் பருவமழை மண்ணைச் சரித்துவிடும். கையில் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளாமல் ஆகஸ்டில் போகாதீர்கள். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் மூன்று வாரம். அறுவடை நடக்கும், சாலை திறந்திருக்கும், ராத்திரிக் குளிர் மட்டும் கடிக்கும்.

உயரம்

இந்த நடையில் கஷ்டம் என்று ஒன்று இருந்தால் இதுதான். தூரம் ஒன்றுமில்லை, பாதையும் பயங்கரமில்லை. ஆனால் ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டி மேல் இன்னொரு ஊட்டியை ஏற்றி வைத்தால் கோமிக் வருகிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதத்துக்கும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். வேகமாக மூச்சு விடும், மெல்ல ரத்தத்தை மாற்றிக்கொள்ளும். அதற்கு நாள் பிடிக்கும். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் அதே நாள்கள்தான் பிடிக்கும். நன்றாக ஓடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், கால் ஒத்துழைக்கிறதே என்று ஏறிவிடுவதால்.

மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி இது: 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் இரு. காஜாவிலிருந்து லாங்சா 700 மீட்டர் என்பதால் விதி இங்கே கொஞ்சம் மீறுகிறது. அதை ஈடுகட்டத்தான் காஜாவில் குறைந்தது மூன்று இரவு தங்கச் சொல்கிறேன். முதல் நாள் கடைவீதி வரை நடை, தூக்கம், அவ்வளவே. இரண்டாம் நாள் டாக்சியில் கீ மடத்துக்கும் கிப்பர் ஊருக்கும் போங்கள். கீ மடம் 4,166 மீட்டர். மேலே இரண்டு மூன்று மணி நேரம் உலாவிவிட்டுக் காஜாவுக்கே இறங்கிவந்து தூங்குங்கள். உயரே போய்வந்து தாழே தூங்குவதுதான் உடம்பைப் பழக்கும் வழி. நான்காம் நாள் காலை லாங்சா.

உயர நோயின் முதல் அடையாளம் தலைவலி. கூடவே பசியின்மை, குமட்டல், சோர்வு, தலைசுற்றல், தூக்கம் வராமை. மேலே வந்து சேர்ந்த உடனே இல்லாமல், சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் முதல் ராத்திரியில் வரும். தலைவலியோடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலே அதை உயர நோய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெயில், டீ குடிக்காதது, பஸ் குலுக்கல் என்றெல்லாம் காரணம் தேடாதீர்கள். செய்ய வேண்டியது: அதற்கு மேல் ஏறாமல் இருப்பது. ஒரு நாளில் சரியானால் தொடரலாம். கூடினால் இறங்க வேண்டும், ராத்திரியானாலும்.

இரண்டு அறிகுறிகள் வந்தால் யோசிக்கவே கூடாது. ஒருவர் குடித்தவர் மாதிரித் தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ அது மூளை வீக்கமாக இருக்கலாம். குதிகாலை மறுகால் விரலில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தெரிந்துவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமல் விடாமல் வந்தால் நுரையீரலில் நீர் சேர்கிறது. இரண்டுமே உயிரை வாங்கக்கூடியவை. வீட்டுக்காரரை எழுப்பி வண்டி பிடித்துக் காஜா மருத்துவமனைக்கு இறங்குங்கள். இந்த நடையில் புதியவர்களுக்கு ஒரு பெரிய நிம்மதி, மூன்று ஊருக்கும் வண்டிப்பாதை இருப்பது. இமயமலையில் நடக்கப் போகும் எல்லா இடத்திலும் அந்த வசதி கிடைக்காது.

அசிட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், கடையில் டயமாக்ஸ் என்பார்கள். உடம்பு பழகுவதை அது விரைவுபடுத்தும். ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு, அவர் சொன்ன அளவில் மட்டும் எடுங்கள். விரல் நுனி மரமரத்தால் பயப்படாதீர்கள், மாத்திரையின் வேலை அது. ராத்திரியில் நாலு தடவை எழுந்து வெளியே போக வேண்டியிருக்கும், அதுவும் அதன் வேலைதான். மதுவும் தூக்க மாத்திரையும் முதல் சில நாள்களுக்குக் கூடவே கூடாது. இதயக் கோளாறு, ரத்தசோகை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

மூட்டை

ஆறேழு கிலோவைத் தாண்ட வேண்டாம். மிச்சத்தைக் காஜாவில் தங்கிய இடத்திலேயே விட்டுவிட்டுப் போகலாம். கணுக்காலைப் பிடிக்கும், ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ. உள்ளே தெர்மல், அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றுப் புகாத ஜெர்கின். கையுறை. குரங்குக் குல்லா, கேலி செய்கிறவர்கள் செய்யட்டும், கோமிக்கின் சாயங்காலக் காற்றில் அதற்கு ஈடு இல்லை. கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன், உதட்டுக்குத் தடவ ஏதாவது. வெயில் சுடாது, ஆனால் தோலை உரிக்கும். ஒரு நடைக்கோல், கடைசி நாள் முட்டிக்காக. டார்ச். இரண்டு லிட்டர் தண்ணீர். ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள், மேலே மாடும் யாக்கும் மேய்கின்றன. தங்கும் வீட்டில் காய்ச்சித் தருவார்கள். அப்புறம் பணம், சில்லறை நோட்டாக. காஜாவில் ஏடிஎம் உண்டு, அதை நம்பிப் போக வேண்டாம். மேட்டில் கைபேசிச் சமிக்ஞை வந்தாலும் வரும், வராவிட்டாலும் வராது. வரைபடத்தை முன்னமே இறக்கி வையுங்கள்.

முதல் நாள்: லாங்சா

காஜாவிலிருந்து லாங்சாவுக்கு நடந்தே ஏறலாம். நான் டாக்சியைத்தான் சிபாரிசு செய்வேன். சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது, புழுதி, நிழல் கிடையாது. அன்றைய சக்தியை மேலே போய் ஊரைச் சுற்றச் செலவழிக்கலாம். காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பும்.

ஊர் சரிவில் இருக்கிறது. மேல்பகுதி ஒன்று, கீழ்ப்பகுதி ஒன்று. மேலே பெரிய புத்தர் சிலை பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. ஊருக்குப் பின்னால் சௌ சௌ காங் நில்டா, 6,303 மீட்டர். நி என்றால் சூரியன், ட என்றால் சந்திரன் என்பார்கள் ஊரில். காலையில் ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம். அதைப் பார்க்கவாவது இங்கே ஒரு ராத்திரி தங்க வேண்டும்.

வீடுகளைக் கவனியுங்கள். மண் செங்கல், சமதளக் கூரை, வெள்ளைச் சுவர், ஜன்னலைச் சுற்றிப் பட்டையாக வண்ணம். கூரை விளிம்பில் சுள்ளியும் புல்லும் வரிசையாக அடுக்கியிருக்கும். அலங்காரம் என்று நினைத்தேன். குளிர்காலத்துக்கான விறகும் தீவனமும் அது. வறட்டி தட்டிக் காய வைத்திருப்பதைப் பார்த்தால் நம் ஊர் ஞாபகம் வரும். மரமில்லாத இடத்தில் அதுதான் எரிபொருள். வயலுக்கு வரும் வாய்க்கால்கள் எல்லாம் மேலே உருகும் பனியிலிருந்து ஊரார் வெட்டிக் கொண்டுவந்தவை. அவற்றின் கரையில் நடக்கும்போது கல்லைத் தட்டிவிட்டு அடைத்துவிடாதீர்கள். வருஷத்தில் ஒரே விளைச்சல் இங்கே.

லாங்சாவின் இன்னொரு பெருமை கல்லில் இருக்கிறது. இந்த நிலம் ஒரு காலத்தில் டெதிஸ் என்ற கடலின் அடித்தளம். இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியபோது கடலடி மேலெழுந்து மலையாகிவிட்டது. அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் சுருள்கூட்டு உயிர்களின் புதைபடிவங்கள் ஊருக்குப் பக்கத்துக் கறுப்புக் களிப்பாறையில் கிடைக்கின்றன. நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வந்து நம் வீட்டுப் பூஜையறையில் உட்கார்ந்திருக்கும் சாளக்கிராமமும் இதே அம்மோனைட்தான். உடைந்த கல்லில் அந்தச் சுருளைக் கையால் தடவிப் பார்க்கலாம். எடுத்து வராதீர்கள். சிறுவர்கள் விற்க வந்தாலும் வாங்காதீர்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துப் போனால் மலையில் எதுவும் மிஞ்சாது.

தங்க ஹோம்ஸ்டேக்கள் இருக்கின்றன. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை. பை இறக்குவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பேரம் பேசிப் பத்து இருபது குறைக்கிற இடமில்லை இது. 'ஜூலே' என்றால் வணக்கம், நன்றி, போய்வருகிறேன் மூன்றும். குடும்பம் அடுப்பு இருக்கும் அறையில்தான் உட்காரும். உங்களையும் அங்கே கூப்பிடுவார்கள். போங்கள், தனி அறையில் போர்வைக்குள் கிடக்காதீர்கள். துக்பா என்ற கறிகாய் நூடுல்ஸ் சூப், பருப்பு, சோறு, சப்பாத்தி கிடைக்கும். சைவம் கேட்டால் பிரச்சினை இல்லை. உப்பும் வெண்ணெயும் போட்ட டீயை டீ என்று நினைத்துக் குடித்தால் முகம் சுளிக்கும், ரசம் என்று நினைத்துக் குடியுங்கள்.

கழிப்பறை உலர் வகை. தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண் குவியல், ஒரு மண்வாரி. போன பிறகு மண் போட வேண்டும். அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது; பிளாஸ்டிக், நாப்கின் எதையும் போடக் கூடாது. அடுத்த வருஷம் அதுதான் வயலுக்கு எரு.

இரண்டாம் நாள்: ஹிக்கிம் வழியாகக் கோமிக்

எட்டு மணிக்குள் கிளம்புங்கள். லாங்சாவிலிருந்து ஹிக்கிமுக்குப் புதியவர் நடையில் இரண்டு முதல் மூன்று மணி நேரம். காற்றில் அலைபாயும் புல், மேயும் யாக், முதுகுக்குப் பின்னால் சௌ சௌ காங் நில்டா. வண்டிப்பாதையும் ஒற்றையடிப் பாதைகளும் அங்கங்கே வெட்டிக்கொள்ளும். குறுக்குப் பாதையில் போகலாம். சந்தேகம் வந்தால் வண்டிப்பாதைக்குத் திரும்பிவிடுங்கள், சற்றுச் சுற்றினாலும் அது ஊரில்தான் போய் முடியும்.

வழி தவறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மரமே இல்லாததால் பல கிலோமீட்டர் தூரம் பளிச்சென்று தெரியும், எப்படித் தவறும் என்று தோன்றும். ஆனால் ஆடும் யாக்கும் போட்ட தடங்களும் மனிதப் பாதையும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். ஆட்டுத்தடம் சரிவுக்குக் குறுக்கே போய்ப்போய் ஒரு பாறை விளிம்பில் மறைந்துவிடும். மனிதத்தடத்துக்கு அடையாளம்: கல் மேல் கல்லாக அடுக்கிய சிறு குவியல்கள், வாய்க்கால் கடக்க வைத்த பலகைக்கல், திருப்பத்தில் ஒரு சோர்ட்டன். சோர்ட்டன் என்பது நினைவு ஸ்தூபி. அதையும் மந்திரம் செதுக்கிய கல்சுவர்களையும் உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி தாண்ட வேண்டும். கோயிலில் வலம் வந்து பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நடை வேகம் எப்படி இருக்க வேண்டும் என்றால், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி வாக்கியம் பாதியில் உடைந்தால் வேகம் அதிகம்.

ஹிக்கிமில் தபால் நிலையம். 1983இல் திறந்தது, உலகிலேயே உயரமான தபால் நிலையம் என்று பேர் வாங்கியது. 2022இல் பெரிய தபால் பெட்டி வடிவத்திலேயே ஒரு கட்டடமும் வந்துவிட்டது. டாக்சிகள் ஒன்றாக வந்து சேரும் நேரத்தில் இங்கே திருவிழாக் கூட்டம். நடந்து போகிறவருக்கு ஒரு சலுகை உண்டு: கூட்டம் வருவதற்கு முன்னால் போகலாம், அல்லது மறுநாள் திரும்பும் வழியில் இன்னொரு தடவை எட்டிப்பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை வராதபடி திட்டமிடுங்கள். பின்கோடு மறக்காமல் எழுதுங்கள். அட்டை உங்களுக்குப் பிறகுதான் வீடு வந்து சேரும். இங்கிருந்து தபாலை ஆள் சுமந்து காஜாவுக்கு நடந்தே கொண்டுபோகும் வழக்கம். நாளைக்கு நாம் இறங்கப்போவதும் அந்தச் சரிவில்தான்.

ஹிக்கிமிலிருந்து கோமிக் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேர ஏற்றம். தூரம் குறைவு, ஆனால் அன்றைய நடையிலேயே கால் இங்கேதான் கனக்கும். நூறு அடிக்கு ஒருமுறை நின்றாலும் வெட்கப்படாதீர்கள். மேலே பாறைச் சரிவில் கண் வைத்துக்கொண்டே போங்கள். சாம்பல் நிறத்தில் பாறை அசைந்தால் அது பரல் என்ற நீல ஆடு. பனிச்சிறுத்தையும் இந்த மலைகளில் உண்டு. கோடையில் அதைப் பார்ப்போம் என்று எதிர்பார்க்க வேண்டாம், குளிர்காலத்தில்தான் கீழே வரும்.

கோமிக்கில் ஒரு பலகை நிற்கிறது: வண்டிப்பாதையுள்ள ஊர்களில் உலகிலேயே உயரமானது என்று. பெரு நாட்டில் 5,000 மீட்டருக்கு மேலேயே லா ரின்கோனாடா என்ற சுரங்க ஊர் இருக்கிறது, அங்கும் வண்டி போகிறது. பலகையோடு சண்டை போட வேண்டாம், படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊருக்கு மேலே கோட்டை மாதிரித் தடித்த சுவரோடு தாங்யுட் மடம், திபெத்திய பௌத்தத்தில் சாக்கிய மரபைச் சேர்ந்தது. முன்பு ஹிக்கிம் பக்கம் இருந்த மடம் 1975 ஜனவரி நிலநடுக்கத்தில் இடிந்த பிறகு இங்கே வந்தது. உள்ளே போகும்போது ஷூவையும் தொப்பியையும் கழற்றுங்கள், படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். எல்லா அறைக்கும் எல்லாரையும் விடமாட்டார்கள். சொன்ன இடத்தில் நின்றுவிடுங்கள்.

நான்கு மணிக்குக் கடைசி டாக்சியும் போய்விடும். அப்புறம் வரும் அமைதிதான் இந்த நடைக்கு நான் ஆள் சேர்ப்பதற்குக் காரணம். ஆடு மாடு பட்டிக்குத் திரும்பும், ஒரு பாட்டி கையில் பிரார்த்தனைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே வந்து நம்மை ஏற இறங்கப் பார்ப்பார், எங்கேயோ வாய்க்கால் சத்தம். ராத்திரி ஒரு தடவை வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். கழிப்பறைக்கு எப்படியும் வர வேண்டியிருக்கும்.

இந்த இரவு தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று மறுபடி வேகமாக வரலாம். இந்த உயரத்தில் அது சகஜம். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் மட்டும் மேலே சொன்னதை நினைவில் கொள்ளுங்கள். லாங்சாவிலேயே சரியாக இல்லை என்றால் கோமிக்குக்கு ஏறாமல், அங்கிருந்தே வண்டியில் காஜாவுக்கு இறங்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

மூன்றாம் நாள்: இறக்கம்

கோமிக்கிலிருந்து ஹிக்கிம் வரை வந்த வழியே. அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, காஜாவுக்கு இறங்கும் பாதை எங்கே தொடங்குகிறது என்று ஊரில் யாரையாவது நேரில் காட்டச் சொல்லுங்கள். வரைபடத்தைவிட அவர் நீட்டும் விரல் நம்பகமானது. துணைக்கு ஒரு ஆள் கிடைத்தால் கூலி பேசிக் கூட்டிக்கொள்ளுங்கள். தனியாக வந்தவர்கள், கால் தடுமாறுகிறவர்கள், மழை தூறும் நாளில் வந்தவர்கள் சாலையிலேயே டாக்சியில் இறங்கிவிடலாம், தப்பில்லை. மண் ஈரமானால் மேலேயிருந்து கல் உருளும்.

சுமார் 700 மீட்டர் இறக்கம், இரண்டு முதல் மூன்று மணி நேரம். பொடிக்கல் பரவிய சரிவு, கால் வழுக்கும். உடம்பைப் பின்னால் சாய்க்காதீர்கள், அப்படிச் சாய்ந்தால்தான் வழுக்கி உட்காருவோம். முட்டியை லேசாக மடித்து, சின்னச் சின்ன அடியாக, நடைக்கோலை முன்னால் ஊன்றி இறங்குங்கள். ஷூ நாடாவைத் தொடங்கும்போதே இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கட்டைவிரல் நகம் முன்னால் மோதிக் கறுத்துவிடும். எனக்குக் கறுத்தது, விழுந்து முளைக்க ஆறு மாதம். கூட்டமாகப் போனால் ஒருவர் கீழே இருக்கும்போது இன்னொருவர் நேர் மேலே நிற்காதீர்கள்.

முதலில் ஸ்பிட்டி ஆறு நூல் நூலாகப் பிரிந்து தெரியும், பிறகு காஜாவின் தகரக் கூரைகள், பிறகு நாய்க் குரைப்பு. இறங்க இறங்க மூச்சு இலகுவாவதை ஒவ்வொரு திருப்பத்திலும் உணரலாம். மூன்று நாளுக்கு முன் 'எவ்வளவு உயரம்' என்று மலைத்த காஜா, இப்போது சமவெளி மாதிரி இருக்கும்.

உடம்பு உயரத்துக்குப் பழகிவிட்டதால், திரும்பும்போது குன்சும் வழியாக மணாலிக்குப் போவதில் இனி பயமில்லை. பஸ் விடிகாலையில் கிளம்பும், சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். இறங்கி வந்த அன்று சாயங்காலமே பேருந்து நிலையத்துக்குப் போய் விசாரித்துவிடுங்கள். மறுநாள் காலை தொடை இரண்டும் கல்லாகி, படி இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும்.